மகளுக்குக் கடல்புறா நாவலை வாசித்துக் காட்டுகிறேன். வர்ணனைப் பக்கங்களைத் தாண்டிவிடலாமா?

ஊக்கும் நூலும் (ஈசூன்)
ஜூன் 23, இரவு

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் கதையைச் சொல்லாமல் கேட்க முடியாது. பொறுமையாகப் படியுங்கள்.

நான் சிங்கப்பூரில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் தலை நிமிர முடியாது. ஜூனில்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். மகள் உயர்நிலை மூன்று, வயது பதினைந்து. நான்கு வார விடுமுறையில் போனைப் பார்த்தபடியே கிடக்கப் போகிறாளே என்று பயந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவள் தரும் புத்தகத்தை நான் படிக்கவேண்டும், நான் தரும் புத்தகத்தை அவள் படிக்கவேண்டும். அவள் படிப்பதெல்லாம் மந்திரம், டிராகன், அதற்குள் ஒரு காதல். நான் வளர்ந்தது சரித்திரக் கதையிலும் குடும்ப நாவலிலும். அவள் தமிழ் வாசிப்பாள், ஆனால் எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக. அதனால் தமிழ்ப் புத்தகத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தமாக வாசிப்பது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு தைப்பது என்று ஏற்பாடு. ஒரு ரவிக்கை ஊக்கு முடிவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும்.

அவள் முதலில் கொடுத்தது டயானா வின் ஜோன்ஸ் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காசல்’. 1986இல் வந்த புத்தகமாம். குழந்தைப் புத்தகம் என்று நினைத்து எடுத்தேன், இரண்டு நாளில் முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். சோஃபி என்று ஒரு பெண், மூன்று சகோதரிகளில் மூத்தவள், அப்பாவின் தொப்பிக் கடையில் தொப்பி அலங்கரிப்பவள். ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். அதன்பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கிறது! இளம்பெண்ணாக இருந்தபோது யாரையும் எதிர்த்துப் பேசாதவள், கிழவியானதும் மந்திரவாதியின் வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறாள். அவள் தைக்கும்போது துணியோடு பேசுவாள், பேசியது பலித்துவிடும். நானும் துணியோடு பேசுவேன். பட்டு வழுக்கினால் “கொஞ்சம் பொறு கண்ணு” என்று சொல்வேன். இதை மகள் பல வருடமாகப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தாளா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நடுவில் என் அம்மாவின் பையிலிருந்த மாத நாவல்கள் இரண்டைத் திரும்பப் படித்தேன், ரமணிசந்திரன் எழுதியவை. அம்மா தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் ஒரு நாவலும் சேர்ந்து வீட்டுக்கு வரும். கோபக்காரக் கதாநாயகன் கடைசியில் இளகுவான் என்று முதல் பக்கத்திலேயே தெரியும், அது தெரிந்துதானே படிக்கிறோம். மருத்துவமனையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரவுகளில் இந்த நாவல்கள்தான் என்னைத் தாங்கின. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் அவளுக்குக் கொடுத்தது சாண்டில்யனின் ‘கடல்புறா’, முதல் பாகம். எனக்கும் பதினைந்து வயதில்தான் அது கைக்கு வந்தது. அப்பா இரவு வேலை முடிந்து வந்து தூங்கும்முன் பத்துப் பக்கம் படிப்பார், அவர் தூங்கியதும் நான் எடுப்பேன். அட்டை கிழிந்த பழைய பைண்டிங். தோ பாயோவிலிருந்து வீடு மாறும்போது அது எங்கேயோ போய்விட்டது. இப்போது நூலகத்தில் எடுத்துவந்தேன். முதல் வாரம் அற்புதமாகப் போனது. பாலூர் துறைமுகம், கலிங்கத்தில் சோழர்களுக்கு வந்த ஆபத்து, கதாநாயகன் இளைய பல்லவன். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா என்றதும் மகள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். “நம்ம பக்கத்துலயா நடக்குது?” என்றாள். ஞாயிறன்று ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய், நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இரண்டு அத்தியாயம் வாசித்தேன்.

கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியின் வர்ணனை வரும் இடத்தில் என் குரல் தயங்கியது. சாண்டில்யனைப் படித்தவர்களுக்குத் தெரியும். கழுத்து, இடை, அதற்குக் கீழே, மறுபடி மேலே, பத்தி பத்தியாகப் போகும். பதினைந்து வயதில் அந்தப் பக்கங்களை நான் மூன்று நான்கு தடவை படித்திருக்கிறேன். காதல் என்றால் ஒருவன் என்னை இப்படிப் பார்ப்பது என்று நம்பினேன். படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று என்னிடம் எது எது இல்லை என்று எண்ணியதும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது என் வேலை என்ன? அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு தினமும் பெண்களின் எதிரே நிற்கிறேன். வருகிறவர்களில் மன்னிப்புக் கேட்காத ஆளே கிடையாது. “கை குண்டா இருக்கு அக்கா, மறைச்சுத் தைங்க.” “முதுகுல மடிப்பு தெரியாம பாத்துக்குங்க.” பதினெட்டு வயதுப் பெண்ணும் சொல்கிறாள், அறுபது வயது அம்மாவும் சொல்கிறார். நான் தைக்கும் துணியைவிட அந்தப் பேச்சுதான் கனம். அதனால் அந்தப் பக்கத்தை மகளுக்கு வாசிக்க நா எழவில்லை. கண்ணாலேயே இரண்டு பக்கம் தாண்டி, சண்டை தொடங்கும் இடத்திலிருந்து வாசித்தேன். அவள் கவனிக்கவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு உயிரான புத்தகம் அது. கடலையும் கப்பலையும் அவரைப்போல எழுதியவர் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

என் கேள்வி இரண்டு. ஒன்று, நீங்களாக இருந்தால் தாண்டுவீர்களா, அப்படியே வாசிப்பீர்களா, புத்தகத்தையே மாற்றுவீர்களா? இரண்டு, காதலும் மாயமும் சேர்ந்த தமிழ்க் கதை, பதினைந்து வயதுக்கு ஏற்றது, காதால் கேட்டால் புரியக்கூடியது, ஏதாவது உண்டா?


கரையோரம் (பிடோக்)
ஜூன் 23, இரவு

அம்மா, நான் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவன். கடல்புறாவை நான்கு தடவை படித்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் அலமாரியிலிருந்து எடுத்துவைத்துவிட்டேன், ஐந்தாவது தடவைக்கு.

உண்மையைச் சொல்கிறேன். வர்ணனையை நானும் இளவயதில் ஆசையாகப் படித்தேன். மகள்கள் பிறந்து, அவர்களும் வளர்ந்தபிறகு படித்தபோது அந்த இடங்களில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஒன்றை நினைத்துப் பாருங்கள். இது குமுதத்தில் வாராவாரம் தொடராக வந்த கதை. ஏழு நாள் காத்திருந்தவனுக்கு அந்த வாரத்தின் நான்கைந்து பக்கத்துக்குள் சண்டையும் வேண்டும், அழகும் வேண்டும், கடைசி வரியில் ஒரு முடிச்சும் வேண்டும். அந்தக் கணக்கில் எழுதியதை நாம் ஒரே மூச்சில் படிக்கும்போது வர்ணனை மேல் வர்ணனையாக வந்து திகட்டுகிறது. அதற்காக அதைச் சரி என்று சொல்லவில்லை.

தாண்டுங்கள். ஆனால் தெரியாமல் தாண்டாதீர்கள். “இங்கே இரண்டு பக்கம் விடுகிறேன், காரணம் இது” என்று சொல்லிவிட்டுத் தாண்டுங்கள். பெண் கெட்டிக்காரி என்று தெரிகிறது. ஒருநாள் தானே புத்தகத்தை எடுத்துப் பார்ப்பாள். அம்மா மறைத்தாள் என்று அப்போது அவளுக்குத் தோன்றக்கூடாது.

இன்னொன்று. முதல் பாகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மொத்தம் மூன்று பாகம். முதல் பாகம் கலிங்கத்துக் கரை. சுமத்ரா கரையிலுள்ள அட்சயமுனைக்குப் போனபிறகுதான் கதை முழுசாகக் கடலுக்கு வருகிறது. இன்னொரு நாயகியான மஞ்சளழகி அங்கேதான் வருகிறாள். என் மனைவி மஞ்சளழகி கட்சி, நான் காஞ்சனாதேவி கட்சி, நாற்பது வருடமாக அந்த வழக்கு தீரவில்லை. ஓய்வு பெற்ற வருடம் இருவரும் கெடாவுக்குப் போய் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வந்தோம். பழைய கோயில்களின் அடித்தளக் கற்கள் இருக்கின்றன, மெர்போக்கில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. அந்தக் கல்மேல் உட்கார்ந்து அவள் சொன்னாள், “உங்க காஞ்சனாதேவி ஊரு நல்லாத்தான் இருக்கு” என்று. அடுத்த விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.


மூன்றாவது மாடி (செங்காங்)
ஜூன் 24, காலை

அக்கா, எனக்கு முப்பத்தொரு வயது. பிள்ளையின் பக்கத்திலிருந்து பேச ஆசைப்படுகிறேன்.

எங்கள் அம்மாவும் தாண்டினார்கள். வாசித்துக் காட்டவில்லை, புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சில பக்கங்களைச் சேர்த்துக் கொண்டை ஊசி குத்திவைப்பார்கள். நான் முதலில் அந்த ஊசியைத்தான் எடுப்பேன். கதையே தெரியாமல் அந்தப் பக்கங்களை மட்டும் படித்து, பெண் உடம்பு என்பது ஊசி குத்தி மூடவேண்டிய விஷயம் என்று கற்றுக்கொண்டேன். அம்மா நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் எனக்கு வந்து சேர்ந்தது அதுதான். அதனால் நான் கரையோரம் ஐயாவைவிட ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை வாசித்துவிடுங்கள். வாசித்துவிட்டு, இங்கே எங்களிடம் சொன்னீர்களே, கண்ணாடி முன்னால் நின்றதும் உங்களிடம் வருகிறவர்கள் மன்னிப்புக் கேட்பதும், அதை அவளிடம் சொல்லுங்கள். அந்தப் பத்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவளுக்கு அதைச் சொல்ல உங்களைவிட்டால் வேறு ஆள் இல்லை.

உங்களுக்காக ஒரு புத்தகம் சொல்லலாமா? ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’. அவர் இறந்தபிறகு, 1817 டிசம்பரில் வெளிவந்தது. ஆன் எலியட்டுக்கு இருபத்தேழு வயது. எட்டு வருடத்துக்கு முன்னால் குடும்பத் தோழி ஒருத்தியின் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்று சொன்ன கப்பற்படை வீரன் திரும்பி வருகிறான். வந்தவன், அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று சொன்னது அவள் காதுக்கு வந்து சேர்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அதே அறையில் பியானோ வாசிக்கிறாள், மற்றவர்கள் ஆடுவதற்காக. இதை முதலில் இருபது வயதில் படித்தேன், அப்போது சலிப்பாக இருந்தது. என் நிச்சயதார்த்தம் முறிந்த வருடம் மறுபடி படித்தேன். அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை படிக்கிறேன், கடைசியில் அவன் எழுதும் கடிதத்துக்காக. அவன் அவளை வர்ணிப்பதே இல்லை அக்கா. அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கேட்கக் கேட்க எழுதுகிறான். எனக்குக் காதல் என்றால் அந்த இடம்தான்.

உங்கள் மகள் அடுத்து என்ன கொடுக்கிறாள்?


ஊக்கும் நூலும் (ஈசூன்)
ஜூன் 24, மாலை

கரையோரம் ஐயா, மூன்றாவது மாடி தங்கச்சி, இருவருக்கும் நன்றி. கொண்டை ஊசி விஷயத்தை மனதிலேயே வைத்துக்கொண்டு இன்று முழுவதும் தைத்தேன்.

அவள் அடுத்துக் கொடுத்தது அர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’. பாதியில் இருக்கிறேன். ஊர் முழுக்கத் தீவுகள், படகிலேயே வாழ்க்கை. ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் இருக்கும், அது தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம். கதாநாயகன் செம்பழுப்பு நிறம், அவனுடைய நண்பன் இன்னும் கறுப்பு. இது 1968இல் எழுதியது. மகள் அந்த வரிகளை எனக்குத் தேடிக் காட்டினாள். “பாரும்மா, மந்திரவாதி நம்ம கலரு” என்றாள். இத்தனை வருடம் இவள் படித்த புத்தகங்களில் எத்தனை பேர் வெள்ளையாக இருந்திருப்பார்கள், அதை எனக்குச் சொல்லாமலே படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.


லாரி வாசகன் (துவாஸ்)
ஜூன் 24, இரவு

அக்கா வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம், இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. காலையில் வேலைக்குப் போகும் ஒரு மணி நேரம் போனில் படிப்பேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாயமும் காதலும் சரிசமமாகச் சேர்ந்த, அந்த வயதுக்கான தமிழ் நாவல் குறைவுதான் அக்கா. மாயம் மட்டும் போதும் என்றால் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலை, பனிமனிதனைத் தேடிப் போகும் பயணம். காதல் கிடையாது, ஆனால் வாக்கியம் எளிமையாக இருக்கும், காதால் கேட்டால் நன்றாகப் புரியும். விக்கிரமாதித்தன் கதைகளையும் மறந்துவிடாதீர்கள். வேதாளம் ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு கேள்வி கேட்கும் இல்லையா, அதற்கு முதலில் தங்கச்சியைப் பதில் சொல்லச் சொல்லுங்கள், பிறகு ராஜா பதிலை வாசியுங்கள். என் அக்கா பிள்ளைகளோடு போனில் அப்படித்தான் விளையாடுகிறேன். பல கதைகள் காதலில்தான் போய் முடியும்.

மாயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடல் வேண்டும், பெண் வேண்டும் என்றால் ‘பொன்னியின் செல்வன்’ பூங்குழலி. முழுதாக ஐந்து பாகம் வேண்டாம். கோடியக்கரைக்கு வந்தியத்தேவன் வந்து சேரும் இடத்தில் தொடங்குங்கள். அவள்தான் படகு வலித்து அவனை இலங்கைக்குக் கொண்டுபோய் விடுவாள். கல்கி அவளை அழகி என்று சொல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவள் துடுப்புப் பிடிப்பதும், ராத்திரியில் தனியாகக் கடலில் போவதும், யாருக்கும் அடங்காததும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, மதுரைத் திட்டத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கித் தங்கச்சியையும் ஒரு பத்தி படிக்கச் சொல்லலாம்.

நான் இப்போது மூன்றாவது தடவை. முதல் தடவை ஊரில், பன்னிரண்டாம் வகுப்பில். அப்போது வந்தியத்தேவன் எங்கே போனாலும் நானும் கூடவே குதிரையில் போனேன். இந்தத் தடவை மனம் மணிமேகலையிடமே நிற்கிறது. திரும்ப அன்பு கிடைக்காது என்று தெரிந்தும் அவ்வளவு பிரியம் வைத்தவள். கடைசியில் அவன் மடியிலேயே போய்ச் சேருகிறாள். அந்த இடத்தை லாரியில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்த பங்களாதேஷ் நண்பர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒரு பொண்ணு செத்துப்போச்சு பாய் என்று சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். கதையில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.


மூன்றாவது மாடி (செங்காங்)
ஜூன் 25, காலை

லாரி வாசகன் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் ஐந்தாம் பாகத்தை எடுத்தேன். மணிமேகலை பகுதி முடிந்ததும் கல்கி எழுதிய முடிவுரையையும் படியுங்கள். வாசகர்கள் எழுப்பிய கேள்விகளை எடுத்துக்கொண்டு, யார் யாருக்கு என்ன ஆனது என்று பதில் சொல்லியிருப்பார். தொடர் முடிந்தது 1954இல், அதே வருடம் டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். அதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பக்கங்கள் வேறு மாதிரி இருக்கும்.

அக்கா, எர்த்சீயை முதல் புத்தகத்தோடு விட்டுவிடாதீர்கள். இரண்டாவதில் டெனார் என்ற சின்னப் பெண் வருவாள், இருட்டுக் கோயிலில் பூசாரியாக வளர்க்கப்பட்டவள். நான்காவதான ‘டெஹானு’ 1990இல் வந்தது. அதில் அதே டெனார் நடுத்தர வயது விதவை, பண்ணை வீட்டுப் பெண். காதல் அங்கேதான் வருகிறது, அவளுக்கும் முதல் புத்தகத்து மந்திரவாதிக்கும் தலை நரைக்கும் காலத்தில். அது உங்களுக்கு. இரண்டாவது மகளுக்கு.


ஊக்கும் நூலும் (ஈசூன்)
ஜூன் 28, இரவு

நடந்ததைச் சொல்லவேண்டும் என்று வந்தேன்.

புதன் இரவு அவளிடம் சொல்லிவிட்டேன், முந்தாநாள் இரண்டு பக்கம் தாண்டினேன் என்று. “தெரியும்மா” என்றாள். நான் பக்கம் திருப்பும் சத்தம் இரண்டு தடவை கேட்டதாம்! புத்தகத்தை அவளிடம் கொடுத்து, நீயே வாசி என்றேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். அந்த வேகத்தில் வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுகிறது. இடை என்றால் என்ன, துவளுதல் என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன். அரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “இவ எதைப் பாக்கிறான்னு எழுதவே இல்லையேம்மா” என்றாள். இளைய பல்லவன் அவளைப் பார்ப்பதை அவ்வளவு எழுதியவர், அவள் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிந்தான் என்பதை எழுதவில்லையே என்று கேட்கிறாள். வேறு பக்கங்களில் இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இல்லை. முப்பது வருடமாக எனக்குத் தோன்றாத கேள்வி அது.

பிறகு கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். தங்கச்சி சொன்னபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஊக்கு தைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார், வழக்கம்போலக் கையைப் பற்றி வருத்தப்பட்டார். மகள் அறையிலிருந்து வெளியே வந்து, “ஆன்ட்டி, உங்களுக்கு இந்தக் கலர் ரொம்ப நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அந்தம்மா போகும்போது கை நீளத்தைக் குறைத்தே தைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கடல்புறாவை நிறுத்தவில்லை. வர்ணனை வந்தால் அவள் வாசிப்பாள், சண்டையும் கடலும் வந்தால் நான் வாசிப்பேன் என்று முறை வைத்துக்கொண்டோம். அவள் வாசிப்பு முன்னைவிட வேகமாகிவிட்டது. முதல் பாகம் நேற்று முடிந்தது. பள்ளி தொடங்குகிறது, அதனால் இனி வெள்ளி சனி மட்டும். எர்த்சீ இரண்டாவதும் ‘பெர்சுவேஷனும்’ நூலகத்தில் எடுத்தாயிற்று, 21 நாள் இருக்கிறது. தம்பி சொன்ன பூங்குழலி பகுதியைப் போனில் இறக்கி வைத்திருக்கிறேன்.

கரையோரம் ஐயா, இரண்டாம் பாகம் ஈசூன் நூலகத் தட்டில் இல்லை. வேறு கிளையிலிருந்து வரவழைக்கப் பதிவு செய்திருக்கிறேன். மஞ்சளழகி எத்தனையாவது அத்தியாயத்தில் வருகிறாள் என்று மட்டும் உங்கள் வீட்டு அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். மகள் இப்போதே எந்தக் கட்சி என்று முடிவு செய்யக் காத்திருக்கிறாள்.


கரையோரம் (பிடோக்)
ஜூன் 29, காலை

கேட்டேன் அம்மா. அத்தியாயத்தைச் சொல்லமாட்டாளாம். பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்கிறாள். எங்களிடம் மூன்று பாகமும் இருக்கிறது. ஈசூன் நூலகத்துக்கு வரும் வரை காத்திருக்கவேண்டாம் என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை தேக்காவுக்கு வருவோம், கொண்டுவந்து தருகிறோம். பைண்டிங் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள்.